தேவையில்லை என்பதற்கு அத்தாட்சி

தபீதாள் எழுதியது சின்ன நிரல். கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நோயாளிகளை, முறை வந்ததும் தமிழில் பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடும். அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் தெரியாது. எழுதி முடிக்க நாலைந்து நாள் பிடித்தது. எழுதியதோடு சும்மா இருந்திருக்கலாம். அதை முறைப்படி பதிவு செய்துவிடலாம் என்று கிளம்பினாள் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

சிறுசேரியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து விற்கிறது. அதன் நடுவில் ஹோஸ்ட் என்று ஒரு பெரிய நிரல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் அறை, மருந்துக்கடை, பில் எல்லாம் அதன் பொறுப்பு. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி கூடுதலாக ஒரு வசதி கேட்டால், அதற்கு ஆட்-ஆன் என்கிற ஒரு துணைநிரல் எழுதி ஹோஸ்டில் செருகுவார்கள். காலையில் ஹோஸ்ட் கிளம்பும்போது, யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்கும். வந்தவர் பேர் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளும். வராதவருக்காகக் காத்திருக்காது. ஜாவாவில் இப்படிப் பேர் கொடுக்க, ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியை யார், எப்போது எழுதலாம் என்று தீர்மானிக்கக் கம்பெனியில் ஒரு மன்றம் இருந்தது. விருப்பத் துணைநிரல் பதிவு மன்றம் என்று பேர். அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், தனியாக ஒரு மாடி, தனியாக ஒரு காபி மெஷின். இரவும் பகலும் ஹோஸ்டைக் கட்டி அழுகிறவர்களுக்குக்கூட அந்த மெஷினில் காபி கிடையாது.

தபீதாளின் அவசரமெல்லாம் அவள் அப்பாவுக்காக. தாவீது, பல்லாவரம் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது இரும்புலியூரில் மகளோடு இருக்கிறார். வலது கண் சர்க்கரையில் போய்விட்டது. இடது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி போட்டால், இருக்கிற பார்வை தங்கும். ஊசி போடுவது பல்லாவரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில். அங்கே ஓடுவதும் தபீதாளின் கம்பெனி மென்பொருள்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் வந்தவுடன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பார்கள். முறை வந்தால் சுவரில் மாட்டிய டிவியில் பேர் வரும். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். மருந்து விட்ட கண்ணுக்கு டிவி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதே குத்துமதிப்பாகத்தான் தெரியும். முன்பு நர்ஸ் வந்து கூப்பிடுவார். டிவி வந்த பிறகு நர்ஸ் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அமைதியான ஆஸ்பத்திரி என்று எங்கிருந்தோ ஒரு கேடயமும் வாங்கிவிட்டார்கள். துணைக்கு வந்தவர்கள் மாடிக்கு வரக் கூடாது, கீழே ஷெட்டில்தான் உட்கார வேண்டும்.

போன முறை தாவீது முதல் வரிசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் பேர் டிவியில் வந்து வந்து போயிற்று. கடைசியில் கம்ப்யூட்டர், ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டது. கூடத்தைக் கூட்ட வந்த அம்மாள்தான் அவரை எழுப்பிக் கீழே அனுப்பினாள்.

"பக்கத்துல யாரையாவது கேக்க வேண்டியதுதானேப்பா?" என்றாள் தபீதாள்.

"கேக்காமயா? அவரு என்னாண்ட கேட்டுகினு இருந்தாரு. ரெண்டு பேரு கண்ணுலயும் மருந்து ஊத்திக்கீறாங்க. யாரு யாருக்குப் படிச்சுச் சொல்றது?"

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஓர் ஊசி தவறிவிட்டது, இன்னொன்று தவறினால் இந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. அன்றிரவே தபீதாள் நிரலை எழுத ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களும், கம்பெனி அனுப்பினால் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

மன்றத்தின் முதல் அமர்வில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். "ஹோஸ்டுக்குத் துணையைத் தெரியாது. துணைக்கு ஹோஸ்டைத் தெரியும். துணை இல்லாவிட்டாலும் ஹோஸ்ட் வாழும்." பிறகு உட்கார்ந்தார்கள். தலைவர் சத்யபிரியா மேடம் அதிர்ந்து பேசாதவர். துணைத்தலைவர் ராஜகோபால், ஹோஸ்டின் முதல் வரியை எழுதியவர். இரண்டாவது வரியிலிருந்து மற்றவர்கள் எழுதினார்கள்.

"உங்க ஆட்-ஆன் தேவையானதா?" என்று சத்யபிரியா கேட்டார்.

"ரொம்ப தேவை மேடம். அங்க பேஷன்ட்ஸ்..."

"தேவைன்னா அது எப்படி ஆப்ஷனல் ஆகும்? நீங்க தப்பான மாடிக்கு வந்திருக்கீங்க."

அத்தியாவசிய மன்றம் மேல் மாடியில் இருந்தது. அங்கே ஒருவர் மட்டும் இருந்தார். அவருக்கு வேலை அபூர்வமாகத்தான் வரும் போலிருக்கிறது, ஆர்வமாக நாற்காலி இழுத்துப் போட்டார்.

"இது இல்லன்னா ஹோஸ்ட் நின்னு போயிடுமா?"

"போகாது சார். ஆனா ஒருத்தருக்குக் கண்ணு போயிடும்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கண்ணு எங்க ஸ்கோப்ல இல்லம்மா. ஹோஸ்ட் நின்னு போற மாதிரி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, உடனே பாஸ் பண்றேன்."

ஒரு வாரம் போயிற்று. அடுத்த அமர்வில் தபீதாள் பாடம் கற்றவளாகப் போய் நின்றாள். தேவையானதா என்று கேட்டதும், தேவையே இல்லை மேடம் என்றாள்.

ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "தேவையில்லாத ஒண்ணைக் கம்பெனி நேரத்துல எழுதினீங்களா? இதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேக்க வேண்டியிருக்கும்."

மேனேஜர் குமரேசன் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் தும்மினால் கைக்குட்டையோடு நிற்பவர், அவ்வளவுதான்.

"நீ நேரா பதில் சொல்றே, அதான் பிரச்சினை. வேணும்னும் சொல்லாதே, வேணாம்னும் சொல்லாதே. 'இருந்தால் வரவேற்கத்தக்கது, இல்லையென்றாலும் வரவேற்கத்தக்கது'ன்னு சொல்லு."

"சார், அப்பாவுக்கு ஊசி போடற வெள்ளிக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும். பதட்டப்படாதே. பதட்டப்படறவங்க துணைநிரல் எதுவும் பாஸ் ஆனதில்ல."

அவளால் பதட்டப்படாமல் இருக்க முடியவில்லை. கேளம்பாக்கம் வண்டலூர் சாலையில் கம்பெனி பஸ் நகராமல் நிற்கும்போது எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வீட்டில் அப்பா டம்ளரைத் தேடி மேசையைத் தடவினால், ஓடிப்போய் அவர் கைப்பக்கம் டம்ளரை நகர்த்தி வைத்தாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் நடுவில் சத்யபிரியா மேடத்தின் முகம் வந்து நின்றது.

குமரேசன் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கேட்டதும் மன்றம் மேசையைத் தட்டிப் பாராட்டியது. அடுத்து பேர் வைக்கும் படலம். இணைய முகவரியைத் தலைகீழாகத் திருப்பி, நிரலுக்குப் பேராக வைப்பது ஜாவாக்காரர்களின் பழக்கம். ஒரு பேர் இன்னொன்றோடு மோதாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். மன்றத்துக்கு அந்த ஏற்பாடு அளவுக்கு மீறிப் பிடித்துப்போய்விட்டது. விண்ணப்பதாரரின் வீட்டு முகவரியையும் இந்தியாவில் ஆரம்பித்துக் கதவு எண்ணில் முடிகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினாள். தெருவுக்கும் கதவு எண்ணுக்கும் நடுவே மாடியைக் காணோமே என்று ராஜகோபால் திருப்பி அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது சார் என்று அவள் நிரூபிக்க இரண்டு நாள் ஆயிற்று. நிரூபிக்க அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போனில் வந்து, நான் மாடி கட்டவில்லை, கட்ட எண்ணமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு வந்தது இல்லாமைச் சோதனை.

"துணை இல்லாவிட்டாலும் ஹோஸ்ட் வாழும்னு தினமும் சொல்றோம். சொன்னா போதுமா? காட்டணும்" என்றார் சத்யபிரியா. துணைநிரலை எடுத்துவிட்டு ஹோஸ்டை ஓட்டினார்கள். அது நன்றாக ஓடியது. ஏன் ஓடாது, அது இல்லாமல்தானே இத்தனை வருஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது? இருந்தாலும் சோதனைக் குழு விடவில்லை. துணைநிரல் காலையில் இல்லாவிட்டால் என்ன ஆகும், மாலையில் இல்லாவிட்டால் என்ன ஆகும், கூட்டமான நாளில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர், பாதி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, அதற்காக இரண்டு நாள் நீட்டிப்பு வாங்கினார்.

இல்லாமை முழுமையாக இல்லை என்று அப்போதுதான் ராஜகோபாலுக்குத் தோன்றியது. "நிரல் இல்ல, சரி. எழுதினவங்க இருக்காங்களே? இவங்க பக்கத்துல இருக்கிறதுனாலகூட ஹோஸ்ட் நல்லா ஓடலாம்."

ஆகவே தபீதாளின் கம்ப்யூட்டர் அனுமதிகளை எடுத்துவிட்டு, அவளைக் கேன்டீனில் உட்காரச் சொன்னார்கள். மூன்று நாள் அவள் அங்கே இல்லாமல் இருந்தாள். சம்பளம் உண்டு. மேல்மாடியில் அவள் இல்லாமல் ஹோஸ்ட் ஓடுவதை அரை மணிக்கொரு தரம் யாரோ வந்து அவளிடமே மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பதிவு விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஹோஸ்ட் படம் போட்ட கேக் வந்தது, துணைநிரலுக்கு அதில் இடமில்லை. சத்யபிரியா மேடம் மைக் முன்னால் நின்றார்.

"இந்த ஆட்-ஆன் நமக்கெல்லாம் ஒரு முன்மாதிரி. இவ்வளவு நாள் அது இல்லாம ஹோஸ்டை ஓட்டியிருக்கோம். ஒரு பிழை இல்ல, ஒரு புகார் இல்ல. அது இருந்திருந்தா இவ்வளவு நல்லா ஓடியிருக்குமான்னு எனக்கே சந்தேகம். இன்னொரு விஷயமும் பெருமையா சொல்லணும். போன வருஷம் நாம பதிவு பண்ண ஆட்-ஆன்கள்ல ஒண்ணுகூட எந்த ஆஸ்பத்திரியிலயும் ஓடல. அதனாலதான் ஒண்ணுகூட ரிப்பேர் ஆகல. இந்த மன்றம் இருக்கிறவரைக்கும் ரிப்பேர் ஆகவும் ஆகாது."

கை தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தபீதாளும் தட்டினாள். பேச்சில் என்னமோ இடித்தது. ஆனால் கையில் சான்றிதழ் இருந்தது, வாயில் கேக் இருந்தது, பல நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமை மெஷின் உன் பேரைத் தமிழில் கூப்பிடும் என்று அப்பாவிடம் சொன்னாள். தாவீது அதை அன்று மாலையே தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மதியம் பல்லாவரம் ஆஸ்பத்திரிக்குப் போன புதுப் பதிப்பைக் குமரேசன் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். தபீதாள் தேடினாள். துணைநிரல் அதில் இல்லை. பேர் கொடுக்கும் அந்த ஒரு வரியும் இல்லை.

"சார், இதுல என்னோடது இல்லையே."

"ஆமா. இல்லாமதானே பாஸ் ஆச்சு?"

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ராஜகோபாலின் முன்னால் போய் நின்றாள். அவர் பொறுமையாக விளக்கினார்.

"சோதிச்சதைத்தான் அனுப்பலாம், அது அடிப்படை விதி. நாங்க சோதிச்சது உங்க ஆட்-ஆன் இல்லாத ஹோஸ்டை. அது இருக்கிற ஹோஸ்டை யாருமே சோதிக்கலையேம்மா. சோதிக்காததை ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா? உயிர் சம்பந்தப்பட்ட இடம்."

"அப்ப இருக்கிறதை எப்ப சார் சோதிப்பீங்க?"

"அதுக்கு இருப்பு மன்றம்னு ஒண்ணு வருது. இன்னும் ஆள் எடுக்கல. உங்க பதிவைப் பத்திக் கவலையே படாதீங்க. அதை உங்ககிட்டேருந்து யாராலயும் பிடுங்க முடியாது."

அந்த ஒரு வரியைத் தானே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் இல்லாமைச் சோதனைக்காக எடுத்த அனுமதிகளைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் உத்தரவு வரவில்லை. மன்றத்தின் கணக்குப்படி அவள் இன்னும் இல்லாமல்தான் இருந்தாள். கோபத்தில் அவளுக்கு நாற்காலியைத் தூக்கி அந்தக் காபி மெஷின் மேல் போட வேண்டும் போலிருந்தது. போடவில்லை, அடுத்த நாள் லீவு என்று மட்டும் குமரேசனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் தாவீது சவரம் செய்துகொண்டு, நாளைக்குப் போட வேண்டிய சட்டையைக் கொடியில் போட்டு வைத்திருந்தார்.

"இன்னாமா, உன் மெஷினு ரெடியா?"

"ரெடிப்பா" என்றாள். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தும் வேறொன்றும் வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தை நாள் என்பதால் பல்லாவரத்தில் ஆட்டோ ஊர்ந்துதான் போயிற்று. பழைய மிக்சி, செடி, கோழிக்குஞ்சு என்று பாதி ரோட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை ஓர் ஆயா மாடிக்கு அழைத்துப் போனாள். தபீதாள் கீழே ஷெட்டில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். மேலே போய்விட்டு வந்தவர்களிடமெல்லாம், உள்ளே கூப்பிடுகிறார்களா என்று கேட்டாள். எங்க கூப்புடறாங்க என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கைப்பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியேறினாள். காவலாளி அட்டையைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேரா? போங்க மேடம். அந்த டிவி கொஞ்சம் ஆடுது, அத்தயும் பாத்துடுங்க."

கூடத்தில் எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் பொன்னியம்மாள் என்ற பேரும் அறை நம்பரும் ஆங்கிலத்தில் மின்னிக்கொண்டிருந்தன. யாரும் அசையவில்லை. மேசையருகில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேர் போய்விடும்.

தபீதாள் டிவிக்குக் கீழே போய் நின்றாள். டிவியில் இருந்த பேரை ஒரு தரம் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள்.

"பொன்னியம்மாள். மூணாம் நம்பர் ரூம்."

பின்வரிசையில் ஓர் அம்மாள், இதோ என்று எழுந்தார்.

அடுத்த பேரையும் கூப்பிட்டாள், அதற்கடுத்ததையும். நர்ஸ் கிட்டே வந்து அட்டையைப் படித்துவிட்டு, "டெமோவா மேடம்? காலைலயே சொல்லியிருந்தா மைக் வச்சிருப்போம்" என்று குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கூடம் கலகலவென்று காலியாக ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஒரு டாக்டர் எட்டிப் பார்த்து, இன்னிக்கு என்ன எல்லாரும் வந்துடறாங்க என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. குமரேசன்.

"தபீதா, பல்லாவரம் ஆஸ்பத்திரி ஆபீஸ்லேருந்து கூப்பிட்டுப் பாராட்டறாங்க. வாய்ஸ் பிரமாதமா வேலை செய்யுதாம். எப்படி வேலை செய்யுது? நாம அனுப்பவே இல்லையே."

"தெரியல சார்."

"இங்க அவசரக் கூட்டம் போட்டிருக்காங்க. ராஜகோபால் சார் வேர்த்துக் கொட்டிட்டு உட்காந்திருக்கார். பதிவானது இல்லாத வெர்ஷன். இருக்கிற வெர்ஷனை எவனோ போட்டுட்டான். மேடம் அதை உடனே நிறுத்தச் சொல்றாங்க."

டிவியில் பேர் மாறியது. தபீதாள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"தாவீது" என்றாள். "தாவீது, அஞ்சாம் நம்பர் ரூம்."

இரண்டாம் வரிசையில் தாவீது தலையை நிமிர்த்தினார். பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார்.

"கேட்டியா சார்? எம் பொண்ணு செஞ்ச மெஷினு அது, அவ கொரலயே உள்ள வச்சிக்கீறா. எவ்ளோ பாசமா கூப்புடுது பாத்தியா?"

நாற்காலிகளைத் தடவிக்கொண்டு அவர் குரல் வந்த திசையில் நடந்து வந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் வந்தார். தபீதாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைத் தாண்டி டிவியைப் பார்த்து, "வந்துட்டேன்மா, வந்துட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவர் ஐந்தாம் நம்பர் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு அழுகை பொங்கியது. இவர்களுக்கெல்லாம் அவள் மெஷின் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

கையிலிருந்த போனில் குமரேசன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹலோ, லைன்ல இருக்கியா? அது ஆப்ஷனல்தானேம்மா, நிறுத்தினா யாருக்கு என்ன ஆயிடப் போகுது?"

டிவியில் அடுத்த பேர் வந்திருந்தது.

"குப்பன்" என்றாள் தபீதாள். "மூணாம் நம்பர் ரூம்."